நாற்பது பவுணைக் குறைக்கச் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: எனக்கு 43 வயது. சொந்த ஊர் மட்டக்களப்பு. இங்கிலாந்து வந்து முதல் சில வருடங்கள் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை செய்தேன். பிறகு கென்ட் பக்கம் மரங்களை வெட்டிப் பராமரிக்கிற ஒரு ட்ரீ சர்ஜன் கம்பனியில் கீழே நின்று கிளை இழுக்கிறவனாகச் சேர்ந்து, பரீட்சைகள் பாஸ் பண்ணி, 12 வருடமாக மரம் ஏறுகிறேன். ஆறு வருடமாக இப்போதைய கம்பனியில்தான் கிழமைக்கு ஐந்து நாள் வேலை. கணக்குக்குச் சுயதொழில். நாளுக்கு 210 பவுண். காலை 7 மணிக்கு யார்டுக்குப் போனால் மாலை 5 மணிக்குத் திரும்புவோம். போன கிழமை முதலாளி கூப்பிட்டு, வேலை குறைந்துவிட்டது, அடுத்த மாதத்திலிருந்து 170 தான் தர முடியும், 140க்கு வர இரண்டு பெடியன்கள் தயாராக இருக்கிறார்கள் என்றார். நல்ல மனிதர், பொய் சொல்கிறவர் இல்லை. எனக்கு வாதாட வராது, ஆங்கிலமும் சுமார். மனைவி பராமரிப்பு இல்லத்தில் வேலை செய்கிறார். வீட்டுக் கடன் இருக்கிறது. பேசாமல் ஒத்துக்கொள்வதா? இல்லை, இந்த வேலையையே விட்டுவிட்டுக் கிடங்கு வேலைக்குப் போவதா?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நானும் 16 வருடம் ஏறினேன், அதன் பிறகு சொந்தமாகச் சின்னக் கம்பனி நடத்தி ஆட்களுக்குக் கூலி கொடுத்தேன். இப்போது ஏறுகிறவர்களின் கயிறு, ஹார்னஸ் என்ற இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வேலை. அதனால் மேசையின் இரண்டு பக்கமும் எனக்குத் தெரியும். உங்கள் முதலாளி பொய் சொல்லவில்லை என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் அவர் கேட்பதை அப்படியே கொடுத்தால் உங்களுக்கு என்ன மிஞ்சும் என்று அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. முதலில் அதைப் பார்ப்போம்.

ஒரு தாளை எடுங்கள். வருடத்தில் 52 கிழமை, கிழமைக்கு ஐந்து நாள், மொத்தம் 260. அதில் விடுமுறையும் வங்கி விடுமுறையும் சேர்த்து 28 போனால் 232. காற்று அடித்து ஏற முடியாத நாள், வாடிக்கையாளர் கடைசி நேரத்தில் ரத்து செய்த நாள், காய்ச்சல் வந்த நாள் என்று இன்னும் 32 கழியுங்கள். காசு வரும் நாட்கள் 200. இனிச் செலவு. கயிறு, ஹார்னஸ், வெட்டுப்படாத காற்சட்டை, பூட்ஸ், மரத்தின் மேலே வைத்து வெட்டும் சிறிய செயின்சோ (இயந்திர வாள்) எல்லாவற்றின் தேய்மானம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை, காப்புறுதி, வண்டி, டீசல், கணக்காளர். உங்களுக்கு எவ்வளவு என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பேச்சுக்கு 7,000 என்று வைப்போம்.

210 பவுணுக்கு 200 நாள், 42,000. செலவு போக 35,000. 170 என்றால் 34,000, செலவு போக 27,000. கூலியில் குறைந்தது 19 சதவீதம்தான், கையில் குறைவதோ கிட்டத்தட்ட 23 சதவீதம். ஏனென்றால் உங்கள் கூலி குறைந்தது என்பதற்காகக் கயிறு விற்கிறவன் விலையைக் குறைக்கப் போவதில்லை.

இன்னும் ஒரு வரி எழுதுங்கள். நாளுக்கு 10 மணித்தியாலம், 200 நாள், 2,000 மணி. 27,000ஐ அதால் வகுத்தால் மணிக்கு 13.50 பவுண். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உள்ள தொழிலாளிக்குச் சட்டம் வைத்த ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 12.21. அவருக்குச் சம்பளத்தோடு 5.6 கிழமை விடுமுறையும் உண்டு. அதையும் காசாக்கிச் சேர்த்தால் மணிக்கு 13.68 வரும். அதாவது இருபது மீட்டர் உயரத்தில் செயின்சோவோடு தொங்குகிற நீங்கள், சூப்பர் மார்க்கெட்டில் தட்டுகளில் சாமான் அடுக்குகிற பெடியனை விடக் குறைவாகச் சம்பாதிப்பீர்கள். அந்த வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை, என் மகளும் அதைச் செய்திருக்கிறாள். ஆனால் 12 வருட அனுபவத்துக்கு இதுவல்ல விலை.

எங்கள் தொழிலில் எல்லோரும் 'அடுத்தவன் என்ன வாங்குகிறான்' என்று கேட்டுத்தான் கூலியைத் தீர்மானிக்கிறார்கள். அதைவிட, வீட்டுக்கு வருடத்துக்கு எவ்வளவு வேண்டும் என்று மனைவியோடு உட்கார்ந்து பாருங்கள். 32,000 என்று வந்தால் செலவையும் கூட்டி 39,000. 200ஆல் வகுத்தால் 195. அதுதான் உங்கள் தரை. அதை முதலாளியிடம் சொல்லாதீர்கள், மனதில் மட்டும் வைத்திருங்கள். அதற்குக் கீழே என்ன சொன்னாலும் "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிட வேண்டும்.

இனி 140 பவுண் பெடியன்கள். அந்தப் பேச்சைக் கேட்டதும் உங்கள் வயிறு கலங்கியிருக்கும், எனக்கும் கலங்கியிருக்கிறது. ஆனால் இதை ஒரு மரத்தை வைத்துப் பாருங்கள். பின்வளவில் ஒரு பெரிய பீச் மரம், கீழே கண்ணாடிக் கூரை, கிளைகளைக் கயிற்றில் கட்டித்தான் இறக்க வேண்டும். நீங்கள் ஒரு நாளில் முடிப்பீர்கள். உங்கள் 210, கீழே நிற்கிற இரண்டு பேருக்கு 120 படி 240, ஆக 450. புதியவர் ஒன்றரை நாள் எடுத்தால் அவருக்கே 140ம் 70ம் 210 ஆகிவிடும். கீழே நிற்பவர்களுக்கு 360. மொத்தம் 570. லொறியும் கிளை அரைக்கிற சிப்பரும் இன்னும் அரை நாள் அங்கேயே நிற்கும், அடுத்த வீட்டு வேலை தள்ளிப் போகும். அவர் இரண்டு நாள் எடுத்தால் 760. இதில் கண்ணாடி உடைவதைச் சேர்க்கவில்லை.

மந்தக் காலத்தில் முதலாளிமார் இதைத்தான் தவறவிடுகிறார்கள். நானும் தவறவிட்டிருக்கிறேன். கூலி என்பது ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கண்ணுக்குத் தெரிகிற செலவு. மெதுவாக நடக்கிற வேலையின் நட்டம் எந்தத் தாளிலும் எழுதப்படுவதில்லை. அதை எழுதிக் காட்ட வேண்டியது நீங்கள். கடந்த மூன்று மாதத்தில் நீங்கள் ஏறிய பத்து வேலைகளை எடுங்கள். என்ன மரம், விலை கொடுக்கும்போது எத்தனை நாள் போட்டிருந்தார், உண்மையில் எத்தனை நாளில் முடிந்தது, ஏதாவது உடைந்ததா. போனில் இருக்கும் படங்களே போதும், தேதியும் நேரமும் அதிலேயே இருக்கும். வாதாட வராது என்கிறீர்கள். இந்தத் தாளை மேசையில் வைத்தால் அது உங்களுக்காக வாதாடும்.

வேகம் மட்டுமல்ல. கவுன்சில் (உள்ளூராட்சிச் சபை) பாதுகாப்பு ஆணை போட்ட மரத்தை அனுமதியில்லாமல் வெட்டினால் அபராதம் யார் தலையில் விழும்? பாதுகாக்கப்பட்ட வட்டாரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் தடித்த மரத்தைத் தொட ஆறு கிழமைக்கு முன்னால் கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும் என்று காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போதே கேட்கிறவர் யார்? கூடு கட்டிய மரத்தில் வாளை வைக்காமல் நிறுத்துகிறவர் யார்? இப்படி நீங்கள் நிறுத்திய ஒரு வேலையாவது இருக்கும். அதையும் தாளில் எழுதுங்கள்.

ஆஷ் மரங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2012இல் இந்த நாட்டில் கண்டுபிடிக்கப்பட்ட பூஞ்சண நோய், நுனியிலிருந்து மரத்தைச் சாகடித்துக்கொண்டு வருகிறது. செத்த ஆஷ் எப்படி முறியும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கிளை சத்தமே இல்லாமல் போய்விடும். "இதில் நான் ஏற மாட்டேன், ஆளை உயர்த்துகிற மேடை வண்டி கொண்டு வாருங்கள்" என்று சொல்லத் தெரிவது எங்கள் தொழிலில் பெரிய திறமை. 140க்கு வருகிற பெடியனுக்கு அதைச் சொல்லும் அறிவும் துணிவும் இன்னும் வந்திருக்காது. வந்திருந்தால் அவர் 140க்கு வரமாட்டார்.

அப்புறம், யாரும் பேசாத ஒரு விஷயம். மேலே ஒருவர் தொங்கும்போது அவரை மேலிருந்து மீட்டு இறக்கத் தெரிந்த இன்னொருவர் அதே இடத்தில், அதற்கான கருவியோடு நிற்க வேண்டும். உங்கள் கம்பனியில் அது யார்? பெரும்பாலும் நீங்களாகத்தான் இருப்பீர்கள். பெடியன்கள் ஏறினால் அவர்களைக் காப்பாற்ற நீங்கள் வேண்டும். நீங்கள் ஏறினால் உங்களைக் காப்பாற்ற யார் இருக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவே வேண்டும், இது கூலிப் பேச்சுக்காக மட்டுமல்ல. 2020இல் வந்த எங்கள் தொழிலின் நடைமுறை விதிக்கோவை, தனித்தனியாக நங்கூரமிட்ட இரண்டு கயிற்றில் வேலை செய்வதைத்தான் வழமையாக வைத்திருக்கிறது. காசு இறுகும்போது முதலில் விடுபடுவது அந்த இரண்டாவது கயிறு. இரண்டாவதாக விடுபடுவது கீழே நிற்கிற மூன்றாவது ஆள். கூலியில் என்ன விட்டுக்கொடுத்தாலும் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்காதீர்கள் தம்பி. இதில் பேரம் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2009இல் நானும் ஒத்துக்கொண்டவன். வீடு கட்டும் வேலைகள் நின்று, காணி துப்புரவாக்கும் ஒப்பந்தங்கள் எல்லாம் ஒரே குளிர்காலத்தில் போய்விட்டன. அப்போது நான் வேலை செய்த இடத்தில் 150ஐ 125 ஆக்கினார்கள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள், தேதி சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 150 திரும்பி வர நாலு வருடம் ஆனது. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். குறைந்த காசை ஈடுகட்டச் சனிக்கிழமையும் ஏறினேன், அடுத்த வேலைக்கு ஓட அவசரப்பட்டேன். ஒரு மார்ச் மாத மாலையில், களைப்பில், என்னை மரத்தோடு பிணைத்திருந்த பட்டியையே வாளால் பாதி வெட்டிவிட்டேன். மற்றக் கயிறு இருந்தது, அதனால் இன்று உங்களுக்கு எழுதுகிறேன். அந்தப் பட்டியை வீட்டில் வைத்திருக்கிறேன்.

சரி, என்ன கேட்பது? 210ஐப் பிடித்துக்கொண்டு அசையமாட்டேன் என்றால் அவருக்கும் வழியில்லை. அவர் பிரச்சினை உண்மையானது. தோட்டத்து வேலி கழிப்பது, அழகுக்கு மரத்தின் தலையைக் குறைப்பது எல்லாம் மக்கள் அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போடக்கூடியவை, மந்தம் வந்தால் முதலில் போவது அவைதான். ஆகவே அவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். ஆனால் ஏறும் நாளின் விலையைத் தொடாமல் கொடுங்கள். ஏறும் நாளுக்கு 210, ஏறாமல் கீழே நிற்கிற நாளுக்கு 180 என்று பிரித்துச் சொல்லுங்கள். கிழமைக்கு நாலு நாள் ஏறி ஒரு நாள் கீழே நின்றால் சராசரி 204 வரும், உங்கள் தரைக்கு மேலே. அவருக்கும் ஆறுதல், உங்கள் திறமைக்கு விலை குறைந்ததாகவும் ஆகாது.

பதிலுக்கு நீங்கள் கேட்கலாம். கிழமைக்கு நாலு நாளாவது நிச்சயம் வேண்டும். முதல் நாள் மாலை 6 மணிக்குப் பிறகு வேலையை ரத்து செய்தால் பாதிக் கூலி. கூலி ஏழு நாளுக்குள் வர வேண்டும். மந்தக் காலத்தில் இந்தக் கடைசியைச் சின்னதாக நினைக்காதீர்கள். கம்பனி சரியும்போது கடைசியாகக் காசு கிடைப்பது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஆறு கிழமைக் கூலி நிலுவையில் இருக்கிற 210ஐ விடக் கிழமைக்குக் கிழமை கைக்கு வருகிற 200 மேல். எவ்வளவு பேசியும் முடியாது, குறைத்தே ஆகவேண்டும் என்றால் 200 வரைக்கும் இறங்கலாம். மூன்று மாதத்துக்கு மட்டும், எந்தத் தேதியில் 210 திரும்புகிறது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தேதி இல்லாத குறைப்பு குறைப்பு இல்லை, அதுதான் உங்கள் புதுக் கூலி.

எப்படிப் பேசுவது? காலை 7 மணிக்கு யார்டில் சிப்பர் ஓடும்போது பேசாதீர்கள். "வெள்ளி வேலை முடிந்ததும் இருபது நிமிடம் வேண்டும், கூலி பற்றிக் கதைக்க" என்று முதல் நாளே மெசேஜ் போடுங்கள். ஆங்கிலம் சுமார் என்பதை நினைத்துக் குறுக வேண்டாம். நாலு வரியை வீட்டில் எழுதி, பிள்ளைகளிடம் கொடுத்துத் திருத்தி, அதைப் பார்த்தே வாசியுங்கள். அவர் நிலைமை புரிகிறது என்பது முதல் வரி. பத்து வேலைகளின் கணக்கு இரண்டாவது. உங்கள் யோசனை மூன்றாவது. பதிலை அடுத்த கிழமைக்குள் சொல்லுங்கள் என்பது கடைசி. தொகையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். நம் ஆட்களுக்கு இது கஷ்டம். ஐந்து விநாடி மௌனம் தாங்காமல் நாங்களே இறங்கிவிடுவோம். பேசி முடித்த அன்றிரவே, ஒத்துக்கொண்டதை எழுதி அனுப்பிவிடுங்கள்.

"இல்லையென்றால் போகிறேன்" என்ற வார்த்தையை மட்டும், போக இடம் இல்லாமல் சொல்லாதீர்கள். இந்தக் கிழமையே வேறு இரண்டு கம்பனிகளோடு பேசுங்கள். மந்தத்திலும் குறையாத வேலைகள் உண்டு. மின்கம்பிக்கு அருகே கிளை கழிப்பது, ரயில் பாதையோரம், சாலையோரத்து ஆஷ் மரங்கள். இவற்றை யாரும் அடுத்த வருடத்துக்குத் தள்ள முடியாது. மின்கம்பி வேலைக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும்.

இப்போது கொஞ்சம் சட்டம். உங்களைச் சுயதொழில்காரர் என்கிறார்கள். ஆறு வருடமாக ஒரே கம்பனி, அவர்கள் சொல்லும் நேரம், அவர்கள் சொல்லும் இடம். உங்களுக்குப் பதிலாக வேறொருவரை அனுப்ப முடியுமா? முடியாது என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் சட்டத்தின் கண்ணில் நீங்கள் 'தொழிலாளி' என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. 2018 ஜூனில் பிம்லிகோ பிளம்பர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதே போன்ற ஒரு குழாய் வேலைக்காரரைத் தொழிலாளி என்றுதான் தீர்த்தது. அப்படியானால் வருடத்துக்கு 28 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. 210 படி அது 5,880 பவுண். நீங்கள் நாற்பது பவுணுக்காகக் கவலைப்படும் மேசையில் இந்தத் தொகையைப் பற்றி யாரும் பேசவே இல்லை. வெள்ளிக்கிழமை இதை மிரட்டலாக எடுக்காதீர்கள், நல்ல மனிதர் என்கிறீர்கள், உறவு கெடும். ஆனால் அதற்கு முன்னாலேயே, வேலை உரிமைகள் பற்றி ஆலோசனை சொல்லும் ஏகாஸ் (Acas) அமைப்பின் உதவி எண்ணுக்குப் போன் போட்டு உங்கள் நிலையைக் கேட்டு வையுங்கள். இலவசம்தான், காலக்கெடு உள்ள விஷயம், தள்ளிப்போடாதீர்கள். ஏற்கெனவே செய்து முடித்த நாட்களுக்கு எப்படியும் 210 தான், அதில் யாரும் கை வைக்க முடியாது.

அந்த இரண்டு பெடியன்கள் மீது கோபம் வேண்டாம். அவர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது, நமக்கும் அந்த வயதில் தெரிந்திருக்கவில்லை. அவர்கள் வந்தால் வேலை பழக்குங்கள், இந்தத் தாளையும் காட்டுங்கள்.

கடைசியாகக் கிடங்கு வேலை. இப்போது போக வேண்டாம். ஆனால் 43 வயதில் அந்தக் கேள்வியை மனதில் வைத்திருப்பது சரிதான். தோள்மூட்டும் முழங்காலும் 60 வரை ஏற விடாது. எனக்கு 50இல் நின்றது. மரத்தைப் பார்த்து அதன் நோயையும் ஆபத்தையும் எழுதிக் கொடுக்கிற ஆய்வு வேலைக்கு மேலே ஏறி அனுபவப்பட்ட கண் பெரிய சொத்து. மந்தத்திலும் கவுன்சில்களும் பள்ளிக்கூடங்களும் அதைச் செய்தே ஆகவேண்டும், கவனிக்காமல் விட்ட மரம் விழுந்தால் காணிக்காரர்தான் பொறுப்பு. லான்ட்ரா நிறுவனம் தொழில்முறை மர ஆய்வுக்கு ஒரு பயிற்சி வைத்திருக்கிறது, மூன்று நாள்தான். வெள்ளிக்கிழமை அவர் 210 முடியாது, 200 என்றால், அந்தப் பத்துப் பவுணுக்குப் பதிலாக இந்தப் பயிற்சிக் கட்டணத்தைக் கம்பனி கட்டட்டும் என்று கேட்டுப் பாருங்கள். அவருக்கும் ஆய்வு எழுதத் தெரிந்த ஆள் ஒருவர் கிடைப்பார்.